பேர்ச் மரத்தடியில் ஒரு பூரான்

“பெல்லை அமத்தாதேங்கோ! நான் கதவைத் திறக்கிறதாய் இல்லை.”

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தியவர் குணவதி. எங்களை வேலைக்குப் பிடித்தவரே அவர்தான் என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும். துப்பறிகிறவர்களுக்கு எதிரிகள் கதவைச் சாத்துவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கட்சிக்காரரே சாத்துவது எங்களுக்கு மட்டும் வாய்த்த பாக்கியம்.

“அன்ரி, இது பொலிஸ் இல்லை. நேற்று நீங்கள்தான் எங்களை வரச்சொன்னனீங்கள்,” என்றேன்.

“அது நேற்று. இண்டைக்கு எனக்கு ஒருத்தரையும் பிடிக்கேல்லை.”

“எங்களையும் ஒருத்தருக்கும் பிடிக்கிறேல்லை. பொருத்தம் நல்லாய்த்தான் இருக்கு, திறவுங்கோ.”

சங்கிலி கழன்றது. நிலாணி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முன்னால் போனார். அவர்தான் துப்பறிகிறவர். இன்சூரன்ஸ் கொம்பனியில் பொய்க் கழுத்துவலிக்காரரைப் பிடித்துப் பிடித்துச் சலித்துப்போய், ரொறன்ரோவில், அஜின்கோர்ட்டில் ஒரு கொத்துரொட்டிக் கடைக்கு மேலே சொந்தமாக அலுவலகம் போட்டவர். நான் மரியோ. முன்பு விபத்தில் நசிந்த கார்களை இழுத்தேன். இப்போது நிலாணி அக்காவின் காரை ஓட்டுகிறேன். அவருக்கு மூளை, எனக்கு வாய். என் வாயை மூடச் சொல்வதே அவருடைய பாதி வேலை.

குணவதி அறுபதைத் தொட்டவர். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். பின்சீற்றில் சண்டை போடுகிற பிள்ளைகளைக் கண்ணாடியிலேயே அடக்குகிற கண் அவருக்கு. அந்தக் கண் சிவந்து வீங்கியிருந்தது. ஆனால் எங்கள் முன்னால் ஒரு சொட்டுக்கூட விடவில்லை.

“நாளைக்குக் காலமை பொலிஸுக்கு லோயரோட வரட்டாம்,” என்றார். “அவருக்கு நான் நஞ்சு குடுத்தனானாம். இல்லாட்டி நஞ்செண்டு தெரியாமக் குடுத்தனானாம். ரெண்டில ஒண்டை நான் தெரிவு செய்ய வேணுமாம்.”

அவர் என்றால் இராசரத்தினம். மனைவியை இழந்தவர், ஸ்ரௌவ்வில்லில் மகன் பிரசாந்தின் வீட்டு பேஸ்மென்றில் இருந்தவர். தையில் குணவதியைக் கலியாணம் முடிப்பதாக இருந்தார். போன சனிக்கிழமை இரண்டு பேரும் காரில் வடக்கே, ஹன்ற்ஸ்விலையும் தாண்டிப் போய், பேர்ச் மரக்காட்டில் காளான் பிடுங்கி வந்தார்கள். பேஸ்மென்ற் அடுப்பிலேயே குணவதி சமைத்தார். இராசரத்தினம் சாப்பிட்டார். விடியற்புறம் வயிற்றைப் புரட்டத் தொடங்கி, இப்போது ஈரல் பழுதாகி, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். காளான் நஞ்சு என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மகன் குணவதியை வார்ட் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டான்.

“நீங்கள் ஏன் சாப்பிடேல்லை?” நிலாணி அக்கா நேராகவே கேட்டார்.

“நீங்களுமோ?” குணவதி சீறினார். “புரட்டாதிச் சனி. நான் விரதம். காளான் எங்கட வீட்டில மச்சத்தோட சேர்த்தி, விரதத்துக்குத் தொடுறேல்லை. அதைப் பொலிஸுக்குச் சொன்னால், ‘மஷ்ரூம் மரக்கறி தானே’ எண்டு கேக்கிறான். அவனுக்கு நான் சைவ சமய வகுப்பு எடுக்கிறதோ?”

“அப்ப ஏன் சமைச்சனீங்கள்?”

“அவருக்கு ஆசை. அவருக்கு விரதமும் இல்லை, கிரதமும் இல்லை. துடைச்சது, வெட்டினது எல்லாம் அவர்தான். நான் அகப்பையால சட்டியில தள்ளி, தூளைப் போட்டு இறக்கினதோட சரி.”

“எத்தினை சாதிக் காளான் பிடுங்கினவர்?”

“ஒண்டுதான். அவருக்குத் தெரிஞ்சதே ஒண்டுதான்.” முதல் தடவையாக அவருடைய குரல் இறங்கியது. “ஃபக்ரறியில ஒரு பின்லாந்துக்காரன் கனகாலம் அவரோட வேலை செய்தவன். அவன் காட்டிக்குடுத்தது. மண்ணிறத் தொப்பி. வெள்ளைத் தண்டு, அதில கறுப்பாய்ச் சொரசொரப்பு, ஷேவ் எடுக்காத நாடி மாதிரி. பேர்ச் மரத்துக்குக் கீழைதான் வரும். வேற என்ன வடிவான காளான் நிண்டாலும் அதை எட்டியும் பாக்கமாட்டார்.”

“தொப்பிக்கு அடியில எப்பிடி இருந்தது?”

“நான் பாக்கேல்லை எண்டுறன். கிட்டப் போனால்தானே பாக்கிறது?”

அவருடைய போனில் ஒரு படம் இருந்தது. கூடை நிறைய மண்ணிறத் தொப்பிகள், மேலிருந்து எடுத்தது. தண்டு தெரியவில்லை, அடிப்பக்கம் தெரியவில்லை. கலியாணத் தரகர் கொண்டுவருகிற படம்போல, பார்க்க வேண்டியதைத் தவிர மற்றதெல்லாம் அதில் இருந்தது.

நிலாணி அக்கா எனக்காக விளக்கினார். அவர் காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு ஆலோசனை சொல்லும் காளான் நிபுணரோடு போனில் மல்லுக்கட்டியிருந்தார். “இந்தச் சாதி நஞ்சு இருக்கிற காளானைக் கவிட்டுப் பாத்தால், புத்தகத் தாள் மாதிரி மடிப்பு மடிப்பாய் இருக்கும். பேர்ச் மரத்தடிக் காளானுக்கு மடிப்பில்லை, பஞ்சு. பஞ்சிருந்தால் எல்லாத்தையும் சாப்பிடலாம் எண்டில்லை. ஆனா ஈரலைத் தின்னுற இந்த நஞ்சு பஞ்சுக்காளானில இல்லை. அவர் பிடுங்கினது மடிப்போ பஞ்சோ எண்டு தெரிஞ்சால் போதும். அதைப் பாத்தது அவர் ஒராள்தான்.”

“அவர்தான் நினைவில்லாமல் கிடக்கிறாரே.”

“நினைவு போக முன்னம் ஏதும் சொன்னவரோ, அன்ரி?”

குணவதி ஒரு மாதிரிச் சிரித்தார். கேட்க நன்றாக இல்லை. “சொன்னவராம். காளானுக்குக் கீழை சென்ரிபீட் இருந்ததெண்டு. மருமகள் ஸ்ரீநிதிதான் டாக்டருக்கு இங்கிலிஷில சொன்னவ. பொலிஸ் அதை என்னட்டைக் கேட்டுக் குடையுது. மட்டத்தேள் ஊர்ந்த காளானையோ சமைச்சனீ எண்டு.”

“மட்டத்தேளுக்கும் லோயர் வைச்சிருக்கோ?” என்றேன்.

“மரியோ, வாயை மூடு,” என்றார் நிலாணி அக்கா. பிறகு குணவதியிடம், “கறி இறக்கினவுடனையே சாப்பிட்டவரோ?” என்று கேட்டார்.

“இல்லை. மூடி வைச்சிட்டு ரெண்டு பேரும் கோயிலுக்குச் சனீஸ்வரனுக்கு எள்ளெரிக்கப் போனம். திரும்பி வந்துதான் சாப்பிட்டவர்.”

“வீட்டில ஆர்?”

“மருமகள் வேலையில. மகன் மேலை ரிவிக்கு முன்னால கிடந்தவன். ஏன்?”

நிலாணி அக்கா சப்பாத்தைப் போட்டார். “ஸ்ரௌவ்வில்லுக்கு விடு. அந்த மட்டத்தேளைப் பிடிப்பம்.”

---

ஸ்ரௌவ்வில்லில் அந்த வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. எல்லா வீடும் ஒரே அச்சு, எல்லா வாசலிலும் ஒரே மெல்லிய மரக்கன்று. தெரு முடிகிற இடத்தில் மழைத் தண்ணீருக்காகத் தோண்டிய ஒரு குளம், அதற்குப் பின்னால் வீடு கட்டுகிறவர்கள் வெட்டாமல் விட்ட கொஞ்சக் காடு. மணியை அமத்தினேன்.

கதவைத் திறந்த பிரசாந்தின் ஒரு கையில் கத்தி, மறுகையில் தேங்காய். நாற்பது வயது மதிக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் வந்துநிற்கும் வரிக்காரனைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தான்.

“அந்த மனிசி அனுப்பினதோ?”

“ஓம்,” என்றார் நிலாணி அக்கா.

“அப்ப திரும்பி நடவுங்கோ. அப்பா சாகக் கிடக்கிறார். அவவுக்கு வக்காலத்து வாங்க வந்திட்டீங்கள், வெக்கமில்லாமல்.”

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “உள்ள வந்து கேட்டுட்டுப் போகட்டும், பிரசாந்த். தெருவுல நின்னு கத்தினா அக்கம்பக்கம்தான் வேடிக்கை பார்க்கும்.”

அவள்தான் ஸ்ரீநிதி. கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்து, கம்ப்யூட்டர் வேலையில் அமர்ந்து, பிரசாந்தைக் கட்டியவள். உள்ளே கூப்பிட்டாளே தவிர உட்காரச் சொல்லவில்லை. ஹோலில் பிரசாந்தின் அம்மாவின் படம் பெரிதாகத் தொங்கியது. புதுப் பூமாலை போட்டிருந்தார்கள். நாங்கள் சமையலறை மேசையைச் சுற்றி நின்றோம்.

பிரசாந்த் எங்களைக் கண்டுகொள்ளாமல் தேங்காயைக் கத்தியின் பிடியால் ஓங்கி அடித்தான். அந்த அடி எங்களுக்குத்தான் என்று எனக்கு விளங்கியது. தேங்காய் இரண்டாகப் பிளந்தது. முளைவிட்ட தேங்காய். உள்ளே உருண்டு கிடந்த வெள்ளைத் துண்டைக் கத்தி நுனியால் நெம்பி எடுத்து, பாதியைக் கடித்து வாயில் போட்டான், மீதியைப் பலகையில் வைத்தான். ஒருவருக்கும் நீட்டவில்லை. எனக்கு நாவூறியது. கேட்டால் கத்தியைத்தான் தருவான் போலிருந்தது.

“கெதியாக் கேளுங்கோ,” என்றான் மென்றுகொண்டே. “பின்னேரம் நான் ஆஸ்பத்திரிக்குப் போகோணும்.”

“நான் உங்களிட்டை வரேல்லை,” என்றார் நிலாணி அக்கா. “ஸ்ரீநிதியிட்டைத்தான் ஒரு கேள்வி. மாமா சென்ரிபீட் எண்டு இங்கிலிஷிலயோ சொன்னவர்?”

“இல்ல, தமிழ்லதான். நான் டாக்டருக்கு மொழிபெயர்த்தேன்.”

“அந்தத் தமிழைச் சொல்லுங்கோ.”

“அதுதான் பொலிஸுக்குச் சொல்லியாச்சே!” பிரசாந்த் குறுக்கே விழுந்தான்.

“பொலிஸுக்கு இங்கிலிஷில சொன்னது. எனக்குத் தமிழில வேணும். அவர் சொன்ன மாதிரியே.”

ஸ்ரீநிதி கொஞ்சம் எரிச்சலோடு கண்ணை மூடி யோசித்தாள். “‘கீழ பூரான் மாதிரி இருந்தது, நான் பார்த்துத்தான் பிடுங்கினேன்’. இதையே ரெண்டு தடவை சொன்னாங்க. அப்புறம் மயங்கிட்டாங்க.”

எனக்குத் தொண்டைக்குள் ஒரு சத்தம் கிளம்பியது. அது வெளியே வருவதற்குள் நிலாணி அக்காவின் சப்பாத்து என் பாதத்தின் மேல் ஏறி நின்றது.

வாசகர் கோயம்புத்தூர்ப் பக்கமாக இருந்தால் ஸ்ரீநிதி சரியாகத்தானே மொழிபெயர்த்தாள் என்பீர்கள். அவர்கள் ஊரில் பூரான் என்றால் நூறு காலோடு சுவரில் ஓடுகிற அந்தச் சனியன்தான். எங்களுக்கு அது மட்டத்தேள். யாழ்ப்பாணத்தார் வீட்டில் பூரான் என்றால் தின்னுகிற பொருள். முளைத்த பனங்கொட்டையைப் பிளந்தால் உள்ளே வெள்ளையாக, பஞ்சுபோல இனிப்பாக இருக்குமே, அது. தேங்காய் முளைத்தாலும் உள்ளே அதுதான். காளானின் அடிப்பக்கம் பூரான் மாதிரி இருந்தது என்றால், பஞ்சாக இருந்தது என்று அர்த்தம். இராசரத்தினம் நிபுணருக்கே பாடம் எடுக்கிற மாதிரிச் சொல்லிவிட்டுத்தான் மயங்கியிருக்கிறார். அவர் பிடுங்கியது நல்ல காளான். சட்டிக்குள் போன நஞ்சு பிறகு வந்தது.

இதெல்லாம் எனக்கு ஒரு மூச்சில் விளங்கிவிட்டது, ஏனென்றால் பாதம் அவ்வளவு வலித்தது. நிலாணி அக்காவின் முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

“‘மாதிரி’ எண்டு ஏன் சொன்னவர்? பூரான் இருந்தால் பூரான் இருந்தது எண்டெல்லோ சொல்லுறது?”

“எனக்கும் அது குழப்பமாத்தான் இருந்துச்சு. அதான் பிரசாந்த் கிட்ட கேட்டேன், பூரான்னா சென்டிபீட் தானேன்னு. ஆமான்னார்.”

“அவர் பக்கத்தில நிண்டவரோ?”

“பக்கத்துலதான். மாமா பேசும்போது என்னைப் பார்க்கவே இல்லையே, இவரைத்தான் பார்த்துட்டிருந்தாங்க.”

பிரசாந்த் கத்தியைப் பலகையில் வைத்தான். “இப்ப என்ன? நான் இஞ்சை மூண்டு வயசில வந்தனான். உந்த ஊர்ச் சொல்லு ஒண்டும் எனக்குத் தெரியாது. இவ கேட்டா, நான் ஓம் எண்டன். அதுக்கு என்னைத் தூக்கில போடப் போறீங்களோ?”

நல்ல பதில். அதை உடைக்க ஒரு சுத்தியலும் எங்களிடம் இருக்கவில்லை. ரொறன்ரோவில் வளர்ந்தவனுக்கு ஒரு சொல் தெரியும் என்று எந்தக் கோர்ட்டில் நிரூபிப்பது? நிலாணி அக்கா பெருமூச்சு விட்டுத் தோள்பையை எடுத்து மாட்டினார். தோற்றுவிட்டோம் என்றுதான் நினைத்தேன். நாளைக் காலை குணவதி லோயரோடு போய் நிற்பதும், எவனோ ஒருவன் அவரிடம் மட்டத்தேளைப் பற்றிக் கேட்பதும் கண்ணில் தெரிந்தது.

வாசல் பக்கம் திரும்பிய நிலாணி அக்கா பலகையில் கிடந்த தேங்காயை ஒருதரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மரியோ, நீ வேணுமெண்டால் வாயைத் திற.”

அவரிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஒரு வசனத்தை நான் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்காத குறை.

“அண்ணை,” என்றேன் பிரசாந்திடம், “கேக்கிறதுக்குக் கோவிக்காதேங்கோ. ஸ்ரௌவ்வில்லில இவ்வளவு பெரிய வீடு. ஒரு நல்ல தேங்காய் வாங்க வழியில்லையோ?”

“என்ன?”

“பழுதான தேங்காயெல்லோ உது. உள்ளுக்குப் பூஞ்சணம் பிடிச்சு உருண்டு போய்க் கிடக்கு. அதையும் விடாம வாயில போட்டு மெல்லுறீங்கள். எனக்குப் பாக்கவே வயித்தைப் பிரட்டுது. உங்கட அப்பாவுக்கு உந்தத் தேங்காயில சம்பல் அரைச்சுக் குடுத்தீங்களோ? காளானில பழியைப் போடுறதுக்கு முதல் உந்தப் பூஞ்சணத்தைப் பொலிஸிட்டைக் குடுங்கோ.”

“டேய், ஆருக்குக் கதைக்கிறாய்?”

“எங்கட பக்கத்தில உதை மாட்டுக்கும் போடமாட்டம். குப்பையில போடுற சாமானை…”

“விசரா!” பிரசாந்த் மேசையில் அறைந்தான். “உது பூஞ்சணமோ? பூரானடா! கடையில நானே குலுக்கிப் பாத்து முளைச்சதாய் எடுத்துக்கொண்டு வந்தனான். தேங்காய்க்குள்ளை பூரானைக் காணாத நீயெல்லாம் என்னட்டைக் கதைக்க…”

அதற்குமேல் அவனுக்கு வரவில்லை. வாய் திறந்தபடியே நின்றது.

முதலில் அசைந்தவள் ஸ்ரீநிதி.

“என்ன சொன்னீங்க?”

“ஒண்டுமில்லை, இவன் வேணுமெண்டு…”

“பூரான்னு சொன்னீங்க. இதை.” பலகையில் கிடந்த மீதித் துண்டை அவள் எடுத்தாள். விரலால் அமுக்கினாள். அது உள்ளே போய், மெதுவாகத் திரும்பி எழும்பியது. “பஞ்சு மாதிரி இருக்கு. மாமா சொன்னது இதையா? ‘கீழ பூரான் மாதிரி இருந்தது’ன்னா இதுவா? நான் உங்க கிட்டதானே கேட்டேன், பிரசாந்த்? டாக்டர் முன்னாடி கேட்டேனே! என் முகத்தைப் பார்த்து ஆமான்னு சொன்னீங்களே!”

“நான் ரென்ஷனில… எனக்கு ஞாபகம் வரேல்லை.”

“இப்ப வந்துச்சே! தேங்காயைத் திட்டினவுடனே வந்துச்சே!”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நிலாணி அக்கா தோள்பையைக் கழற்றி மேசையில் வைத்தார். “தெரியாத பிள்ளை பிழையாச் சொன்னது பிழை. தெரிஞ்ச நீர் அதுக்கு ஓம் போட்டது என்ன? குணவதிதான் நஞ்சு வைச்சவ எண்டு உண்மையாய் நம்பியிருந்தால், அப்பா பிடுங்கினது நல்ல காளான் எண்டு நீர்தான் முதல் ஆளாய்க் கத்தியிருக்க வேணும். கத்தேல்லை. ஏனெண்டால் பிடுங்கினது நல்லதெண்டு வந்தால், பேந்து ஆர் போட்டது எண்ட கேள்வி வரும். கறிச்சட்டி மூடிக் கிடக்கேக்கை வீட்டில ஆர் இருந்தது எண்டு வரும்.”

“ப்ரூஃப் இருக்கோ?”

“இல்லை. சட்டியும் கழுவியாச்சு. ஆனா கேளும். என்ன காளானெண்டு சரியாய்த் தெரியாமத்தான் டாக்டர்மார் அவருக்கு வைத்தியம் பாக்கினம். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் இஞ்சை நிண்டு தேங்காய் தின்னுது. அவர் செத்தால் அதுக்குப் பேர் வேற. விளங்குதோ?”

பிரசாந்த் அம்மாவின் படம் இருந்த பக்கம் பார்த்தான். பிறகு கதிரையை இழுத்து அதில் விழுந்தான். எனக்கு அவன்மேல் இரக்கம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

“சாக்கொல்ல இல்லை,” என்றான். “பிள்ளையாராணை. குளத்துக்குப் பின்னால வெள்ளையாய் நிண்டது. போனில படமெடுத்து, காளான் பேர் சொல்லுற அப்பில போட்டுப் பாத்தன். வயித்தோட்டம் வரும், வேறையொண்டும் இல்லை எண்டுதான் சொன்னது. வெட்டிக் கறிக்குள்ளை கலந்துவிட்டன். ரெண்டு நாள் பாத்ரூமில கிடந்தால் அந்த மனிசியோட காடு காடாய்த் திரியிற ஆசை விட்டுப்போம் எண்டு நினைச்சன். அம்மான்ர படத்துக்கு முன்னால இன்னொருத்தி வந்து தேத்தண்ணி குடிக்கிறதைப் பாக்க ஏலாமல் இருந்தது. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?” என்றாள் ஸ்ரீநிதி.

“அந்த அப்பில இருக்கிற படம் இன்னும் கிடக்கோ?” நிலாணி அக்கா கையை நீட்டினார். அவன் போனைத் திறந்து கொடுத்தான். படத்தில் வெள்ளைத் தொப்பி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அடியில் தாள் தாளாக மடிப்பு. போன் அதற்கு என்ன பெயர் சொன்னதோ, நான் பார்க்கவில்லை. நிலாணி அக்கா அப்போதே காளான் நிபுணருக்கு அதை அனுப்பி, உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சொல்லும்படி போனில் அதட்டினார்.

அவர் பேசி முடிக்கும்வரை பிரசாந்த் உடைந்த தேங்காயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவருக்குத் தெரியும்,” என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. “அப்பாவுக்குத் தெரியும். என்னைப் பாத்துத்தான் சொன்னவர். சின்னனில தேங்காய் உடைச்சால், பூரான் எனக்குத்தான் தாறவர், ஒருத்தருக்கும் குடுக்கமாட்டார். எனக்கு அந்தச் சொல்லுத் தெரியுமெண்டு அவருக்குத் தெரியும்.”

“அவர் டாக்டருக்குச் சொல்லேல்லை,” என்றார் நிலாணி அக்கா. “உமக்குத்தான் சொன்னவர். ஸ்ரீநிதிக்கு விளங்காத ஒரு சொல்லை எடுத்து, நான் பிடுங்கினது என்னெண்டு எனக்குத் தெரியும், மிச்சத்தை நீ சொல்லு எண்டு விட்டவர். அந்த நிலைமையிலயும் உம்மைக் காட்டிக்குடுக்கேல்லை. நீர் என்ன செய்தனீர்? மட்டத்தேளாக்கிப் போட்டீர்.”

அவன் முகத்தைக் கையால் மூடினான். அழுகிற சத்தம் வந்தது. ஸ்ரீநிதி அவன் பக்கம் போகவில்லை. கையிலிருந்த பூரான் துண்டைப் பலகையில் திரும்ப வைத்தாள், கையைக் கழுவினாள், துடைத்தாள். பிறகு நிலாணி அக்காவிடம் வந்து, “அந்தம்மா நம்பர் குடுங்க,” என்றாள்.

பொலிஸுக்கு நான் போன் அடித்தேன். குணவதிக்கு அவள் அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

“ஆன்ட்டி, நான் ஸ்ரீநிதி பேசறேன்.”

“இன்னும் என்ன திட்டோணும்? திட்டிப்போட்டு வையும்.”

“நான் மொழிபெயர்த்தது தப்பு, ஆன்ட்டி. மாமா சொன்னது சென்டிபீட் இல்ல. நீங்க ரெண்டு பேரும் கொண்டு வந்த காளான்ல ஒண்ணுமில்ல. நீங்க ஒண்ணும் பண்ணல. அது… அது யாருன்னு நேர்ல சொல்றேன். உங்களை வார்டுக்குள்ள விடலைன்னு சொன்னாங்க. இப்ப நான் விடறேன். நானே வந்து கூட்டிட்டுப் போறேன். வாசல்ல வந்து பெல் அடிக்கிறேன், தயவுசெஞ்சு கதவைத் திறங்க.”

அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எங்கள் முன்னால் ஒரு சொட்டும் விடாத மனுஷி அவர்.

“பெல்லை அமத்தத் தேவையில்லை,” என்றார் குணவதி. “நான் கீழை றோட்டில வந்து நிக்கிறன்.”